டேட்டாபேஸ் “கனெக்ட் ஆகல”: கதவைச் சாத்தியது யார் என்று கண்டுபிடிக்கும் முறை

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் இடம் இது. மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரை ஏற்ற வேண்டும். அதற்குள் இருப்பதைப் பார்க்க உதவும் டிபீவரையோ பிஜிஅட்மினையோ (இவற்றைத்தான் கிளையன்ட் என்பார்கள்) அதோடு இணைக்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் அது மதியச் சாப்பாட்டையும் தாண்டி இழுத்த நாட்கள் உண்டு. பினாங்கில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தம்பி, “அண்ணே, கனெக்ட் ஆகல” என்று வாட்ஸ்அப்பில் எழுதுவார். கூடவே ஒரு படம் வரும். எரர் வரி அதில் சரியாகப் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட பாதிதான் நமக்கு வேண்டியது.

கொண்டோவில் (அடுக்குமாடியில்) இருக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே யாரும் கண்டுகொள்ளாமல் நிற்க வைத்தால் அது ஒரு வகை. உள்ளே போய்க் கதவைத் தட்டினால் அந்த வீட்டில் ஆளே இல்லை என்பது இன்னொரு வகை. கதவு திறந்து “நீ யாரு?” என்று கேட்டால் மூன்றாவது. உள்ளே உட்கார வைத்துவிட்டு, “அந்த அறைக்குள்ள மட்டும் போகாதீங்க” என்றால் நான்காவது. நான்குக்கும் மருந்து வேறு. கடவுச்சொல் சிக்கலுக்கு மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றுவது, வீட்டில் ஆள் இல்லை என்று ஜாகாவோடு (காவலாளியோடு) சண்டை போடுவதற்குச் சமம்.

கட்டளைகளை வாயால் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

“கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்” என்று உடனே வருகிறது

உடனே வருகிறது என்பதைக் கவனியுங்கள். கணினி பதில் சொல்லிவிட்டது. அந்த போர்ட்டில், அதாவது சர்வர் காது வைக்கும் எண்ணிட்ட கதவில், கேட்க ஆள் இல்லை. ஒன்று சர்வர் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. கடவுச்சொல்லை இப்போது தொடவே வேண்டாம். அது வரைக்கும் நீங்கள் போகவே இல்லை.

விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் என்று தொடங்கும் வரி ‘ரன்னிங்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் ‘ப்ரூ சர்வீசஸ் லிஸ்ட்’. உபுண்டுவில் ஒரு பொறி இருக்கிறது: சிஸ்டம்சிடிஎல்லிடம் போஸ்ட்கிரெஸ் நிலையைக் கேட்டால் பச்சை நிறத்தில் ‘ஆக்டிவ்’ என்று காட்டும், பக்கத்திலேயே ‘எக்ஸிடட்’ என்றும் இருக்கும். அது வெறும் மேலுறை. உண்மையான சர்வர் செத்துக் கிடந்தாலும் பச்சைதான். ‘பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று தட்டுங்கள். எந்தப் பதிப்பு, எந்த போர்ட், உயிரோடு இருக்கிறதா என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

போர்ட்டைப் பொறுத்தவரை போஸ்ட்கிரெஸுக்கு வழக்கம் 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரெஸ் இருக்கும் கணினியில் இன்னொரு பதிப்பை ஏற்றினால் அது சத்தமில்லாமல் 5433ஐ எடுத்துக்கொள்ளும். கல்லூரியில் எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பை ஏற்றியதை மறந்துவிட்டு வருபவர்களும் உண்டு. அதற்குள் இருக்கும் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் 3306இல் உட்கார்ந்திருக்கும். புதிய மைஎஸ்கியூஎல்லுக்கு இடம் இருக்காது. விண்டோஸில் ‘நெட்ஸ்டாட் மைனஸ் ஏஎன்ஓ’ தட்டி, அந்த எண்ணைப் பிடித்திருக்கும் செயலி எது என்று பார்த்துவிடலாம்.

சர்வர் ஓடுகிறது, போர்ட்டும் சரி, டிபீவர் இணைகிறது, ஆனால் நோட் (நோட்.ஜேஎஸ்) நிரல் மட்டும் மறுக்கப்படுகிறதா? எரர் வரியில் இரட்டைப் புள்ளி இரண்டு முறை வந்து ஒன்று என்று முடிகிறதா பாருங்கள் (::1). அது ஐபிவி6 முகவரி. நோட் 17 முதல் 19 வரையான பதிப்புகள், லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்ற பெயருக்குக் கணினி எந்த முகவரியை முதலில் தருகிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். சர்வர் பழைய வகை முகவரியில் மட்டும் காது வைத்திருந்தால் மறுப்புத்தான். லோக்கல்ஹோஸ்ட் என்பதை 127.0.0.1 என்று மாற்றுங்கள்.

மழைக்குப் பிறகு சர்வர் எழவில்லை

கோலாலம்பூரில் மாலை இடிமழைக்கு மின்சாரம் ஒரு வெட்டு வெட்டினால், பேட்டரி செத்த பழைய மடிக்கணினிகளும் மேசைக் கணினிகளும் அப்படியே விழும். மறுநாள் போஸ்ட்கிரெஸ் எழாது. பதிவுக் கோப்பில், ‘போஸ்ட்மாஸ்டர் பிஐடி’ என்ற பூட்டுக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதியிருக்கும்.

அந்தக் கோப்பின் முதல் வரியில் ஓர் எண் இருக்கும். முன்பு ஓடிய சர்வரின் செயல் எண். பெரும்பாலும் போஸ்ட்கிரெஸே அது பழையது என்று கண்டுகொண்டு மேலே போய்விடும். ஆனால் கணினி மறுபடி எழுந்தபோது அதே எண்ணை வேறொரு செயலி வாங்கியிருந்தால், “ஆள் உள்ளே இருக்கிறார்” என்று நம்பி நின்றுவிடும். எண்ணைச் செயல்பட்டியலில் தேடுங்கள். அது போஸ்ட்கிரெஸ் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கோப்பை நீக்குங்கள். சர்வர் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீக்கிவிட்டு இன்னொன்றை எழுப்பினால், ஒரே தரவில் இரண்டு பேர் கை வைப்பார்கள். அதன் பிறகு எனக்கு அழைத்துப் பயனில்லை, பேக்கப்பைத்தான் தேட வேண்டும்.

சுற்றிக்கொண்டே இருந்து ‘டைம்அவுட்’ ஆகிறது

சொந்தக் கணினியில் இது அபூர்வம். வேறு கணினியில் இருக்கும் டேட்டாபேஸைத் தேடும்போதுதான் வரும்: முகவரி தவறு, அல்லது நடுவில் ஃபயர்வால் என்ற தடுப்பு விழுங்குகிறது. விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டு பக்கத்து மேசைக் கணினியைத் தேடினாலும் இதேதான். பல இடங்களில் அந்த வைஃபை ஒரு கணினியை இன்னொன்றிடம் பேசவே விடாது.

கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

பாதி நேரம் இங்கேதான் போகும், அதனால் நின்று பார்ப்போம்.

உபுண்டுவில் டெர்மினலில் இருந்து போனால் ‘பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்று வரும். டிபீவரில் இருந்து போனால் ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்று வரும். ஒரே சர்வர், ஒரே பயனர், இரண்டு வேறு புகார். காரணம், இரண்டும் வேறு வாசல்கள். டெர்மினல் சாக்கெட் வழியாக, அதாவது கணினிக்குள்ளேயே இருக்கும் குறுக்குவழியில், போகிறது. அங்கே சர்வர் கடவுச்சொல்லே கேட்காது, உங்கள் லினக்ஸ் பெயரும் டேட்டாபேஸ் பயனர் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். டிபீவர் 127.0.0.1 வழியாக வருகிறது. அங்கே கடவுச்சொல் வேண்டும். புதிதாக ஏற்றிய சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற பயனருக்குக் கடவுச்சொல்லே வைத்திருக்க மாட்டார்கள். ஆக எதைத் தட்டினாலும் தவறுதான். ‘சூடோ மைனஸ் யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்’ என்று உள்ளே போய், பின்சாய்கோடு போட்டு ‘பாஸ்வேர்ட்’ என்று தட்டி ஒன்றை வையுங்கள். டிபீவர் திறந்துகொள்ளும்.

எந்த வாசலில் எந்த முறை என்பது ‘பிஜி ஹெச்பிஏ’ கோப்பில் இருக்கிறது. சர்வர் அதை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். இணையத்தில் பார்த்த வரியைக் கோப்பின் அடியில் ஒட்டிவிட்டு “ஒன்னும் மாறலையே அண்ணே” என்பவர்களுக்கு இதுதான் பதில். இன்னொன்று, மாற்றிய பிறகு சர்வரை ரீலோட் செய்ய வேண்டும். கடவுச்சொல் அடியோடு மறந்துபோனால், 127.0.0.1 வரியில் ‘ட்ரஸ்ட்’ என்று போட்டு, ரீலோட் செய்து, உள்ளே போய்ப் புதியது வைத்துவிட்டு, வரியைப் பழையபடி மாற்றுங்கள். கடைசிப் படியை மறந்துவிட்டு மாதக்கணக்கில் திறந்த வீடாகக் கிடந்த மடிக்கணினி ஒன்றை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். அது என்னுடையது.

பழைய கிளையன்ட் ‘ஆதென்டிகேஷன் மெத்தட் 10’ தெரியாது என்று சொன்னால் கடவுச்சொல்லில் குற்றமில்லை. போஸ்ட்கிரெஸ் 14இல், அதாவது 2021இல், ஸ்க்ராம் என்ற கடவுச்சொல் முறை இயல்புநிலை ஆனது. அந்தக் கிளையன்ட்டுக்கு அது புரியவில்லை. சர்வரைப் பழைய முறைக்கு இறக்காதீர்கள், கிளையன்ட்டின் டிரைவரை (சர்வரோடு பேசும் பகுதியை) புதுப்பியுங்கள்.

மைஎஸ்கியூஎல் பக்கம் கதை கொஞ்சம் வேறு. உபுண்டுவில் 1698 என்ற எண்ணோடு ரூட்டுக்கு அனுமதி மறுத்தால், ரூட் பயனர் கடவுச்சொல்லால் வருவதே இல்லை, சாக்கெட் வழியாக மட்டுமே வருவார் என்று பொருள். ரூட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். சூடோவில் உள்ளே போய் உங்களுக்கென்று ஒரு பயனரை உருவாக்குங்கள். அப்படி உருவாக்கும்போது பெயருக்குப் பின்னால் வரும் இடமும் பெயரின் பகுதிதான். லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து வரும் ‘கடை’ ஒருவர். எங்கிருந்தும் வரும் ‘கடை’, சதவீதக் குறி போட்டவர், வேறொருவர். இருவருக்கும் வேறு வேறு கடவுச்சொல்கூட இருக்கலாம்.

டிபீவரில் ‘பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்ட்’ என்று வந்தால், அது மைஎஸ்கியூஎல் 8இன் புதிய கடவுச்சொல் முறையால் வருவது. இணைப்பின் டிரைவர் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் ‘அலவ் பப்ளிக் கீ ரிட்ரீவல்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். சொந்தக் கணினிக்கு இது போதும். வெளியில் இருக்கும் சர்வருக்கு எஸ்எஸ்எல் குறியாக்கத்தைப் போடுங்கள். “நேட்டிவ் பாஸ்வேர்டுக்கு மாத்திடு” என்ற பழைய அறிவுரை இப்போது செல்லாது. 8.4இல் அது அணைத்து வைக்கப்பட்டது, 9.0இல் எடுத்தே விட்டார்கள்.

டாக்கரில் ஏற்றினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், பழையதுதான் வேலை செய்கிறது

டாக்கர் என்பது சர்வரைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. அதன் கம்போஸ் (அமைப்பு) கோப்பில் எழுதும் போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல், தரவு இருக்கும் வால்யூம் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே படிக்கப்படும். பிறகு அந்த வரியில் எதை எழுதினாலும் சர்வர் திரும்பிப் பார்க்காது. தரவு முக்கியமில்லை என்றால் வால்யூமை நீக்கிவிட்டு எழுப்புங்கள். முக்கியம் என்றால் உள்ளே போய் ‘ஆல்டர் யூசர்’ போடுங்கள். போஸ்ட்கிரெஸ் 14இல் தொடங்கிய வால்யூமை 16ஆம் பதிப்பு இமேஜிடம் (கன்டெய்னரை உருவாக்கும் மூலப்படியிடம்) கொடுத்தால் அது எழவே எழாது. பழைய இமேஜில் எழுப்பி, டம்ப் (தரவின் முழு நகல்) எடுத்து, புதியதில் ஏற்றுவதுதான் வழி.

இதைவிடக் குழப்பமான ஒன்று. பினாங்குத் தம்பிக்கு ஒரு முழு நாள் போனது. டாக்கரில் கடவுச்சொல் சரி, கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் டேபிள்கள் எல்லாம் இருக்கின்றன. டிபீவரில் மட்டும் கடவுச்சொல் தவறு என்கிறது. அவருடைய மேக்கில் எப்போதோ ஹோம்ப்ரூவில் ஏற்றிய போஸ்ட்கிரெஸ் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் 5432, டாக்கரும் 5432. இரண்டும் சண்டையில்லாமல் எழுந்துவிடும், ஏனென்றால் ஒன்று 127.0.0.1இல் மட்டும் கேட்கிறது, மற்றது எல்லா முகவரியிலும் கேட்கிறது. டிபீவர் தட்டிய கதவு ஹோம்ப்ரூவின் கதவு.

பேசுவது யாரோடு என்று தெரிய ‘செலக்ட் வெர்ஷன்’ போடுங்கள். பதிலில் லினக்ஸ், டெபியன் என்று வந்தால் டாக்கர். ஆப்பிள் டார்வின் என்று வந்தால் மேக்கில் நேரடியாக ஏற்றியது. விஷுவல் சி என்று வந்தால் விண்டோஸில் ஏற்றியது. உள்ளேயே விடவில்லை என்றால் டாக்கரை நிறுத்திவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். அப்போதும் ‘ரெஃப்யூஸ்ட்’ வராமல் அதே கடவுச்சொல் புகார் வந்தால் உள்ளே வேறு ஆள் இருக்கிறார். நான் இப்போதெல்லாம் டாக்கருக்கு வெளிப்பக்கம் 55432 என்று கொடுத்துவிடுகிறேன்.

கன்டெய்னருக்குள் ஓடும் நிரலில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். டேட்டாபேஸ் பக்கத்துக் கன்டெய்னரில் இருந்தால் கம்போஸ் கோப்பில் வைத்த சர்வீஸ் பெயரை எழுதுங்கள். போர்ட் 55432 இல்லை, உள்பக்கத்து 5432.

இணைந்துவிட்டது, ஆனால் என் டேட்டாபேஸைக் காணோம்

டிபீவர், போஸ்ட்கிரெஸ் இணைப்பில் நீங்கள் சொன்ன ஒரு டேட்டாபேஸை மட்டுமே காட்டும். இணைப்பு அமைப்பில் ‘ஷோ ஆல் டேட்டாபேசஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். டெர்மினலில் டேட்டாபேஸ் பெயர் சொல்லாமல் போனால், உங்கள் பயனர் பெயரிலேயே ஒரு டேட்டாபேஸைத் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

‘ரிலேஷன் பெலாங்கான் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்கிறது, ஆனால் பெலாங்கான் (வாடிக்கையாளர்) டேபிள் கண்ணெதிரே இருக்கிறதா? முதல் எழுத்து பெரிய எழுத்தா பாருங்கள். மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கித் தேடும். ஓஆர்எம் (நிரலிலிருந்தே டேபிள் உருவாக்கும் கருவி) மேற்கோளோடு உருவாக்கிய டேபிள் அதற்குத் தென்படாது. மைஎஸ்கியூஎல்லில் இது வேறு விதமாகக் கடிக்கும்: விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து எதுவானாலும் ஓடும், அதே நிரல் லினக்ஸ் சர்வரில் விழும். எல்லாப் பெயரையும் சிற்றெழுத்தில் வையுங்கள், பேச்சு முடிந்தது.

போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து சாதாரணப் பயனர் ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் பொது அறையில்) டேபிள் உருவாக்க முடியாது. ‘பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ என்று வந்தால், டேட்டாபேஸின் உரிமையாளராக அந்தப் பயனரையே ஆக்கிவிடுவது எளிது.

டிபீவரில் வரியைத் திருத்தியாயிற்று, நிரலில் பழையதே தெரிகிறது என்றால் மேல்பட்டையில் ‘மேனுவல் கமிட்’ இருக்கும். கமிட் அழுத்துங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கெட்டுப்போய் வருகின்றன

எப்படிக் கெட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் எழுத்துகள் எழுதும்போதே தொலைந்துவிட்டன. டேபிள் லத்தீன் வகையில் இருந்திருக்கும். மூலத்திலிருந்து திரும்ப ஏற்றுவதைத் தவிர வழியில்லை. தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் நல்ல செய்தி: பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் கிளையன்ட்தான் யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கும் எழுத்துக் குறியீடு) என்று தெரியாமல் படிக்கிறது. வெறும் கட்டங்கள் என்றால் எழுத்துருச் சிக்கல்தான், டேட்டாபேஸைத் தொடாதீர்கள்.

விண்டோஸில் பழைய பவர்ஷெல்லில் ‘பிஜி டம்ப்’ போட்டு அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் தமிழ் அங்கேயே நாசமாகும். ‘மைனஸ் எஃப்’ போட்டுக் கோப்புப் பெயரைக் கொடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்ற பழைய பெயர் ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துகள் சரியாக மூன்று பைட், அதனால் ஓடிவிடும், நமக்கும் சந்தேகம் வராது. வாடிக்கையாளர் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இமோஜி போடும் நாளில் 1366 என்று விழும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகளும் நான்கு பைட்தான். பழைய கணக்கு ஏட்டை ஏற்றுகிறவர்கள் கவனம். ‘யூடிஎஃப்8 எம்பி4’ என்றே வையுங்கள்.

பெயர் நீளத்தையும் பாருங்கள். ‘முனியாண்டி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. டேட்டாபேஸுக்கு அது பத்து. கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். வார்கார் 10இல் (பத்து எழுத்து எல்லை வைத்த பத்தியில்) அந்தப் பெயர் தப்பித்துக்கொள்ளும், அப்பா பெயர் சேர்ந்தால் ‘வேல்யூ டூ லாங்’தான்.

ஐசி எண்ணில் முன்சைபர் காணோம்

2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண் சைபரில் தொடங்கும். சிஎஸ்வி கோப்பைக் கிளையன்ட் வழியாக ஏற்றும்போது அந்தப் பத்தி எண் வகையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால் பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகும், சில சமயம் பத்தாகவும் ஒன்பதாகவும். ஏற்றும் திரையிலேயே வகையை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். கோப்பை நடுவில் எக்செல்லில் திறந்து சேமித்திருந்தால் சைபர் அங்கேயே போயிருக்கும். டேட்டாபேஸைக் குறை சொல்ல முடியாது.

நேரம் இடறுகிறது

ஜாவா நிரலோ பழைய டிபீவரோ மைஎஸ்கியூஎல்லோடு இணையும்போது, ‘மலாய் பெனின்சுலா ஸ்டாண்டர்ட் டைம்’ என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்லும். நம் விண்டோஸ் கணினிகள் நேர மண்டலத்துக்குச் சொல்லும் பெயர் அது. இணைப்பு முகவரியில் சர்வர் டைம்ஜோன் என்பதற்கு ‘ஏஷியா கோலாலம்பூர்’ என்று கொடுத்தால் முடிந்தது.

அடுத்தது எங்களுக்கு இரண்டு நாள் தண்ணி காட்டியது. ஊழியர் பட்டியலில் சிலருக்கு மட்டும் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் காட்டியது. இளையவர்களுக்குச் சரி, மூத்தவர்களுக்குத் தவறு. பயிற்சிக்கு வந்திருந்த தங்கச்சிதான் கவனித்தார்: தவறாக இருந்த அத்தனை பேரும் 1982க்கு முன் பிறந்தவர்கள்.

தீபகற்ப மலேசியா அதுவரை உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க, 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி எட்டாக்கினார்கள். எங்கள் நிரல் எல்லாப் பிறந்த தேதியையும் நள்ளிரவு, ப்ளஸ் எட்டு என்று எழுதியது. போஸ்ட்கிரெஸ் அதைக் கோலாலம்பூர் நேரத்தில் திருப்பிக் காட்டும்போது, 1975இல் இங்கே ஏழரைதான் என்ற வரலாற்றைச் சரியாக நினைவில் வைத்திருந்தது. நள்ளிரவு, முந்தைய நாள் இரவு பதினொன்றரை ஆனது.

பிறந்த தேதிக்கு டைம்ஸ்டாம்ப் வகையே கூடாது. ‘டேட்’ வகை போதும். பத்தியை மாற்றும்போது ‘அட் டைம் ஜோன்’ என்பதற்குப் பின்னால் வெறுமனே ப்ளஸ் 08 என்று மேற்கோளில் எழுதாதீர்கள். போஸ்ட்கிரெஸ் அந்தக் குறியைத் தலைகீழாக, கிரீன்விச்சுக்கு மேற்கே எட்டு மணி என்று எடுத்துக்கொள்ளும். ‘இன்டர்வல்’ என்று போட்டு எட்டு மணி நேரம் என்று எழுதுங்கள். மாற்றிய பிறகு 1975இல் பிறந்த ஒருவரையும் 1990இல் பிறந்த ஒருவரையும் அவர்களுடைய ஐசியின் முதல் ஆறு இலக்கத்தோடு (அது பிறந்த தேதிதான்) ஒப்பிட்டுவிட்டுக் கமிட் அழுத்துங்கள்.